முதலில் ஸ்க்ரூவைத் தொடாதே!

மூன்றாம் ஆண்டு மெக்கானிக்கல் மாணவன்



ஆண்டு மலர் என்றால் ஒருவர் தாயைப் பற்றி எழுதுவார், ஒருவர் வேலையில்லாத் திண்டாட்டம் பற்றி எழுதுவார், மீதிப் பேர் எல்லாம் காதல் கவிதை எழுதுவார்கள். இவன் என்னடா கார்புரேட்டரைத் தூக்கிக்கொண்டு வந்துட்டான் என்று நீங்கள் பக்கத்தைப் புரட்டும் முன் ஒரே ஒரு கேள்வி. ஒரு பழைய கார். ரோட்டில் ஓடும்போது குறை ஒன்றும் தெரியவில்லை. கேட்டில் நிறுத்தினால் தூக்கித் தூக்கிப் போடுகிறது. ரெண்டு நிமிஷம் உதறிவிட்டு ஆஃப் ஆகிவிடுகிறது. நீங்கள் முதலில் எங்கே கை வைப்பீர்கள்?

நம் வகுப்பில் கேட்டுப் பார்த்தேன். "ஐடில் ஸ்க்ரூவை ரெண்டு சுத்து டைட் வைக்கணும்டா" என்றார்கள் பாதிப் பேர். "கார்புரேட்டரைக் கழட்டிக் கழுவணும்" என்றார்கள் மீதிப் பேர். ஒருத்தன் மட்டும், "மெக்கானிக்கிட்ட விடணும்" என்றான். அடப் பாவி, டிப்ளமா முடிச்சா நாமதானடா அந்த மெக்கானிக்!

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்த ஸ்க்ரூதான் கடைசி. ஐடிலில் நிற்காத வண்டியில் முதலில் ஸ்க்ரூவைத் திருப்புகிறவன் நோயை மறைக்கிறான். ஸ்க்ரூ உள்ளே போனால் பட்டர்ஃப்ளை கொஞ்சம் திறக்கும், ஆர்.பி.எம். ஏறும், ஃப்ளைவீலின் வேகத்தில் உதறல் தெரியாமல் போகும். வண்டிக்காரர் சந்தோஷமாகக் காசைக் கொடுத்துவிட்டுப் போவார். அடுத்த வாரம் பெட்ரோல் கூடக் குடிக்குது என்பார். அதற்கடுத்த வாரம் சாவியை அணைத்த பிறகும் எஞ்சின் நாலு தடவை டொக் டொக் என்று சுற்றிவிட்டு நிற்குது என்பார். வியாதி இருந்த இடத்திலேயே இருக்கிறது, கூடவே ரெண்டு புதுசு சேர்ந்திருக்கிறது.

குறை ஏன் ஐடிலில் மட்டும் தெரிகிறது? இதை யாரும் நமக்குச் சரியாகச் சொல்லித் தருவதில்லை. கணக்குப் போட்டுப் பார்ப்போம், நம்ம படிப்பு எதுக்கு இருக்கு?

948 சி.சி., நாலு சிலிண்டர், ஃபோர் ஸ்ட்ரோக் எஞ்சின் ஒன்று 700 ஆர்.பி.எம்.மில் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். ரெண்டு சுற்றுக்கு ஒரு தடவைதான் எல்லா சிலிண்டரும் ஒருமுறை இழுத்து முடிக்கும். ஆக நிமிஷத்துக்கு 350 தடவை. 350-ஐ 0.948-ஆல் பெருக்கினால் சுமார் 332 லிட்டர். ஆனால் பட்டர்ஃப்ளை மூடிக் கிடப்பதால் மேனிஃபோல்டுக்குள் அழுத்தம் வெளிக்காற்றில் மூன்றில் ஒரு பங்கு, கூடிப்போனால் பத்தில் நாலு பங்கு. எனவே எஞ்சின் உண்மையில் குடிக்கும் வெளிக்காற்று நிமிஷத்துக்கு 110 முதல் 130 லிட்டர்தான். இப்போது மேனிஃபோல்டு பேக்கிங்கில் ஒரு மில்லிமீட்டர் அளவுக்கு ஓட்டை. அந்த வேக்குவத்தில் அதன் வழியே ஏழு லிட்டர் போலக் காற்று புகும். நூற்றுக்கு ஐந்தாறு. ஓட்டை ரெண்டு மில்லி என்றால் நாலு மடங்கு, நூற்றுக்கு இருபதுக்கும் மேல்! கார்புரேட்டருக்கு இந்தக் காற்று வந்ததே தெரியாது. அது தன் வழியாக வந்த காற்றுக்கு மட்டும் பெட்ரோல் கொடுத்துவிட்டுச் சும்மா இருக்கும். கலவை மெலிந்து சில தடவை பற்றும், சில தடவை பற்றாது. அதுதான் உதறல்.

அதே வண்டி பைபாஸில் 3000 ஆர்.பி.எம்.மில் போகும்போது நிமிஷத்துக்கு 800 லிட்டருக்கு மேல் காற்றைக் குடிக்கிறது. அந்த ஒரு மில்லி ஓட்டையின் ஏழு லிட்டர் அங்கே நூற்றுக்கு ஒன்று கூட இல்லை. "ஓட்டத்துல நல்லா இருக்கு, நின்னாத்தான் தகராறு" என்று வண்டிக்காரர் சொல்வதில் இவ்வளவு அர்த்தம் இருக்கிறது நண்பர்களே! அந்த ஒரு வரியே பாதி கண்டுபிடிப்பு. நாம்தான் அதைக் காதில் வாங்காமல் ஸ்க்ரூ டிரைவரைத் தேடுகிறோம்.

ஹாஸ்டல் சுவரில் ஸ்போர்ட்ஸ் கார் படம் ஒட்டியிருக்கும் நண்பர்களுக்கு ஒரு செய்தி. இங்கிலாந்தில் 1962-இல் டிரையம்ப் ஸ்பிட்ஃபயர் என்று ஒரு ரெண்டு சீட்டு ஸ்போர்ட்ஸ் கார் வந்தது. மைக்கலோட்டி என்ற இத்தாலியர் வரைந்த உருவம். இன்றைக்கும் அதைத் தங்கம் போல் பாதுகாக்கிற ஆட்கள் உலகம் முழுக்க உண்டு. அந்தக் கார் எதிலிருந்து பிறந்தது தெரியுமா? டிரையம்ப் ஹெரால்டு என்ற குடும்பக் காரின் சேஸிஸைக் குட்டையாக்கி, அதே எஞ்சின் வம்சத்தில் 1147 சி.சி.யை வைத்து, ரெண்டு எஸ்.யு. கார்புரேட்டரை மாட்டினார்கள். ஹெரால்டையும் வரைந்தவர் அதே மைக்கலோட்டிதான். அந்த ஹெரால்டுதான் 1961 முதல் நம்ம வண்டலூரில் ஸ்டாண்டர்டு ஹெரால்டு என்ற பெயரில் தயாரானது. 1970-களில் அதையே மாற்றி கஸல் என்று விற்றார்கள். சோழவரம் பழைய விமான ஓடுதளத்தில் ரேஸ் நடந்த காலத்தில் ஃபியட்டும் ஹெரால்டும் அங்கே சீறிப் பாய்ந்திருக்கின்றன. ஆக, அண்ணன் லண்டனில் ஸ்போர்ட்ஸ் கார், தம்பி நம்ம ஊரில் டாக்டர் வீட்டு போர்ட்டிகோவில்! (அதே கம்பெனி 1985-இல் ஸ்டாண்டர்டு 2000 என்று ரோவர் உடம்புக்குள் பழைய காலத்து எஞ்சினை வைத்து விற்கப் பார்த்து, கொஞ்ச வருஷத்தில் மூடிப்போனது தனிக் கதை. பெயிண்டைப் பார்த்து ஏமாந்த ஊர் இல்லை இது.)

ஹெரால்டில் எனக்குப் பிடித்த சங்கதி பானெட். பானெட்டும் மட்கார்டும் ஒரே துண்டாக முன்னால் கவிழும். எஞ்சின் ரெண்டு பக்கமும் திறந்து கிடக்கும். டயர் மேல் உட்கார்ந்துகொண்டே பிளக்கைக் கழட்டலாம். மாணவனுக்கு இதைவிட நல்ல கரும்பலகை கிடையாது.

நான் ஞாயிற்றுக்கிழமை போகிற ஒர்க்‌ஷாப்புக்குப் போன வருஷம் அப்படி ஒரு ஹெரால்டு வந்தது. ரிட்டயர்டு ஆன ஒரு சார், அவருடைய அப்பா வாங்கிய வண்டி. வந்து நின்றதும் டேஷ்போர்டு எல்லாம் கடகடவென்று ஆடிவிட்டுத் தானாக ஆஃப் ஆனது.

"மூணு எடத்துல காட்டிட்டேன் மேஸ்திரி. ஒருத்தன் காயில் மாத்தினான். ஒருத்தன் பிளக்கு மாத்தி கார்புரேட்டருக்குக் கிட்டு போட்டான். இன்னொருத்தன் ஸ்க்ரூவத் திருப்பித் திருப்பி தலையே தேஞ்சு போச்சு. நிக்க மாட்டேங்கு. பழைய இரும்புக்காரன் எடைக்குக் கேக்கான். குடுத்துரலாமான்னு இருக்கேன்."

"பொறுங்க சார். மொதல்ல அது என்ன சொல்லுதுன்னு கேப்போம்" என்றார் மேஸ்திரி. பிறகு என்னைப் பார்த்து, "ஏலே, அந்த ரேடியோவ அமத்து."

அதுதான் முதல் டெஸ்ட். ரேடியோவை அமத்துவது!

உதறல் ரெண்டு ஜாதி. தாளம் தப்பாமல் ஒரே இடைவெளியில் டப்... டப்... டப்... என்று விழுந்தால் ஏதோ ஒரு சிலிண்டர் வேலை செய்யவில்லை. தாளமே இல்லாமல் ஏறி இறங்கி அலைந்தால் எல்லா சிலிண்டருக்கும் பொதுவான ஏதோ ஒன்றில் குறை: காற்று, பெட்ரோல், அல்லது கரண்டு. மேஸ்திரி ஒரு நோட்டுத் தாளைக் கிழித்து சைலன்சர் வாயில் பிடித்தார். தாள் படபடவென்று வெளியே தள்ளினால் சரி. நடுநடுவே உள்ளே இழுத்தால் எக்சாஸ்ட் வால்வ் சரியாக உட்காரவில்லை என்று சந்தேகப்படலாம். இங்கே இழுக்கவில்லை. அப்புறம் ரப்பர் பிடி போட்ட குறட்டால் பிளக் வயரை ஒவ்வொன்றாக எடுத்தார். எதை எடுத்தாலும் எஞ்சின் ஒரே மாதிரிதான் தளர்ந்தது. "நாலும் சம்பளத்துக்கு ஒழுங்கா வேலை பாக்கு. மொதலாளிக்குத்தான் சொகமில்ல" என்றார். சிரிப்பு வந்தாலும் இதுதான் சரியான தர்க்கம். ரெண்டே நிமிஷம், ஒரு ரூபாய் செலவில்லை, வால்வ், பிஸ்டன், பிளக் எல்லாம் சந்தேகப் பட்டியலில் கீழே போய்விட்டன.

அடுத்து ஸ்டார்ட் பண்ணச் சொல்லிவிட்டு சோக் கேபிளைத் தொட்டுப் பார்த்தார். சூடு! இதைப் பார்த்து நான் அசந்துபோனேன். எஞ்சினிலிருந்து பாடிக்குப் போகும் எர்த் ஸ்ட்ராப் நம்ம ஊர் உப்புக்காற்றில் பச்சைப் பூத்துக் கிடந்தது. திரும்பிப் போக வழியில்லாத கரண்டு சோக் கேபிள் வழியாகப் போய்க்கொண்டிருந்தது. தூத்துக்குடியில் உப்பளமும் கடலும் இருக்கும்வரை இந்த வியாதிக்குப் பஞ்சமில்லை. புக்கில் எர்த்துக்கு ஒரு வரிகூடக் கிடையாது. நம்ம ஊருக்கு அதைத்தான் முதல் பக்கத்தில் போட வேண்டும் என்பேன்.

எர்த்தைச் சுரண்டிப் புது ஸ்ட்ராப் போட்டதும் பாதி உதறல் போனது. இருட்டும்வரை காத்திருந்து லைட்டை எல்லாம் அணைத்துவிட்டு பானெட்டைத் திறந்தோம். நீல நிறத்தில் ஒரு பொறி டிஸ்ட்ரிபியூட்டர் கேப்பின் மேல் பூரான் மாதிரி ஊர்ந்தது. ஈரக்காற்றில் கேப்பில் படிந்த உப்பும் அழுக்கும் ஹை டென்ஷன் கரண்டுக்குப் பாலம் போட்டுவிடும். பகலில் ஆயிரம் தடவை பார்த்தாலும் தெரியாது. கேப்பைத் துடைத்து, பாயிண்டைப் பார்த்தால் கருநீலமாகக் கருகியிருந்தது. அப்படிக் கருகினால் கண்டென்சர் மேல் சந்தேகப்பட வேண்டும். ரெண்டையும் மாற்றி ஃபீலர் கேஜ் வைத்து 15 தௌ கேப் விட்டோம். டேப்பெட் பத்து தௌ, எஞ்சின் ஆறின பிறகு. இந்த அளவெல்லாம் ஸ்பிட்ஃபயர்காரனுக்கும் அதேதான். ஃபயரிங் ஆர்டரும் அதே 1-3-4-2.

இன்னும் ஐடில் முழுசாக நிற்கவில்லை. இப்போதுதான் வேக்குவம் கேஜ் வெளியே வந்தது. நல்ல எஞ்சின் ஐடிலில் 17 முதல் 21 அங்குலம் காட்டும், முள் அசையாமல் நிற்கும். ஒரே இடத்தில் விட்டு விட்டு விழுந்தால் வால்வ். நிலையாகவே தாழ்ந்து நின்றால் டைமிங் பின்தங்கியிருக்கும், அல்லது காற்றுக் கசிவு. நம்ம முள் 13-க்கும் 15-க்கும் நடுவே மெதுவாக ஆடிக்கொண்டிருந்தது. டைமிங்கைப் பார்த்தாயிற்று, சரி. உள்ளங்கையால் கார்புரேட்டர் வாயைக் கொஞ்சமாக மூடினார். மூச்சுத் திணற வேண்டிய எஞ்சின், மூடியதும் நிம்மதியாக ஓடியது! கலவை மெலிவு என்பதற்கு இதைவிட சாட்சி வேண்டாம். பிறகு ஒரு சிரிஞ்சில் தண்ணீர் எடுத்து மேனிஃபோல்டு பேக்கிங் ஓரத்திலும் கார்புரேட்டர் அடியிலும் சொட்டுச் சொட்டாக விட்டார். (சில பேர் இதற்குப் பெட்ரோலைத் தெளிப்பார்கள். சூடான மேனிஃபோல்டு மேல் பெட்ரோல்! தயவுசெய்து வேண்டாம் நண்பர்களே.) பட்டர்ஃப்ளை ஸ்பிண்டில் ஓரத்தில் விட்டபோது சர்ர்ரென்று உள்ளே இழுத்தது, எஞ்சின் சத்தமும் மாறியது. ஸ்பிண்டிலை விரலால் ஆட்டினால் டக் டக் என்று ஆடியது. அம்பது வருஷத்துக்கு மேல் ஆக்சிலேட்டரை மிதித்து மிதித்துத் துளை முட்டை வடிவத்துக்கு வந்துவிட்டது.

கார்புரேட்டர் கிட்டில் ஜெட் இருக்கும், பேக்கிங் இருக்கும், ஊசி வால்வ் இருக்கும். தேய்ந்த துளையைச் சரிசெய்யக் கிட்டில் ஒன்றும் கிடையாது. அதனால்தான் கிட் போட்டும் நிற்கவில்லை. மேஸ்திரி அதை லேத்துப் பட்டறைக்கு அனுப்பி, துளையை ரீம் பண்ணி, ரெண்டு வெண்கல புஷ் இறக்கி, புது ஸ்பிண்டில் கடைந்து வாங்கினார். புஷ் ரெண்டும் சுண்டுவிரல் நகம் அளவு. நண்பர்களே, நாம் வாரம் தவறாமல் லேத்தில் ஸ்டெப் டர்னிங், டேப்பர் டர்னிங் என்று கடைந்து, மார்க் வாங்கி, ஸ்கிராப் தொட்டியில் போடுகிறோமே, அந்த வேலையில் பாதி கூட இல்லை இது! ஒரு காரை எடைக்குப் போகாமல் நிறுத்திய புஷ்ஷை நம்மில் யார் வேண்டுமானாலும் கடைந்திருக்க முடியும். நம்மிடம் யாரும் கேட்கவில்லை. கேட்கும்படி நாமும் நடந்துகொள்ளவில்லை.

எல்லாம் பூட்டிய பிறகு, கடைசியாக, மேஸ்திரி ஸ்க்ரூ டிரைவரை எடுத்தார். மிக்சர் ஸ்க்ரூவும் ஐடில் ஸ்க்ரூவும் சேர்ந்து ஐந்து நிமிஷம். முள் 18-இல் ஆணி அடித்த மாதிரி நின்றது. அந்த சார் பானெட் மேல் கையை வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் பேசவே இல்லை. மூன்று இடத்தில் அவர் கொட்டிய காசில் பத்தில் ஒரு பங்கு கூட இங்கே ஆகவில்லை.

காதைப் பற்றிச் சொன்னேன். இதில் நம்ம கடற்கரைக்காரர்கள் நமக்கு வாத்தியார். மன்னார் வளைகுடாவில் முத்துக்குளிப்பு 1961-ஓடு நின்றுபோனது. சங்கு குளிப்பு இன்னும் இருக்கிறது. என் அப்பா அதற்குத்தான் போகிறார். வீட்டில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்தவன் நான். அப்பாவுக்குக் கார்புரேட்டர் என்றால் என்னவென்று தெரியாது. ஆனால் படகில் கம்ப்ரசர் ஓட, அதிலிருந்து வரும் ஒரு குழாயை வாயில் கடித்துக்கொண்டு கீழே போகிறவர்கள் அவர்கள். மேலே உட்கார்ந்திருப்பவர் கரையில் கிடைக்கிற எந்த மீட்டரையும் பார்ப்பதில்லை, எஞ்சின் சத்தத்தைக் கேட்கிறார். சத்தம் ஒரு இழை தளர்ந்தாலும் கயிற்றை இழுத்துவிடுவார். கீழே ஒரு ஆளின் மூச்சு அந்த எஞ்சின் சீராக ஓடுவதில் இருக்கிறது. "சத்தம் மாறுனா எதுக்குன்னு அப்புறம் பாத்துக்கலாம், மாறுச்சான்னு மொதல்ல தெரியணும்லா" என்பார் அப்பா. ட்ரபுள் ஷூட்டிங் பாடத்தில் இந்த முதல் வரியை நான் எந்த நோட்ஸிலும் பார்க்கவில்லை.

பழைய வண்டிக்காரர்கள் இப்போது அதிகம் வருகிறார்களே, ஏன்? ஒரு காரணம் பெட்ரோல். 2000 பிப்ரவரியோடு நாடு முழுவதும் ஈயம் கலந்த பெட்ரோல் நின்றது. ஊருக்கு நல்லது, நுரையீரலுக்கு நல்லது. ஆனால் ஹெரால்டு மாதிரி வார்ப்பிரும்பு ஹெட் உள்ள பழைய எஞ்சினில் எக்சாஸ்ட் வால்வ் சீட்டுக்கு அந்த ஈயம்தான் மெத்தை மாதிரி இருந்தது. அது இல்லாமல் கடுமையாக ஓட்டினால் சீட் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே அமுங்கும், டேப்பெட் கேப் மூடிக்கொள்ளும், வால்வ் கருகும். அதனால் டேப்பெட்டை அடிக்கடி பார்க்கணும்.

இப்போது இ-20. பெட்ரோலில் நூற்றுக்கு இருபது எத்தனால் கலக்கும் இலக்கை 2025-இல் நாடு எட்டிவிட்டது. கரும்பு விவசாயிக்கு லாபம், அந்நியச் செலாவணி மிச்சம் என்கிறார்கள், நான் அதை எதிர்க்கவில்லை. எஞ்சின் பக்கம் மட்டும் பார்ப்போம். சுத்தப் பெட்ரோல் ஒரு கிலோ எரிய 14.7 கிலோ காற்று வேண்டும். எத்தனாலுக்கு 9 கிலோ போதும். இ-20-க்கு 13.5 பக்கம் வருகிறது. புது வண்டியில் ஆக்சிஜன் சென்சார் பார்த்து இஞ்செக்டர் தானாகக் கூட்டிக் கொடுத்துவிடும். கார்புரேட்டருக்குக் கண்ணும் கிடையாது, மூளையும் கிடையாது. அதன் ஜெட் சைஸ் அறுபது வருஷம் முன் தீர்மானித்தது. எனவே கலவை தானாகவே எட்டு சதவீதம் போல மெலிகிறது. ஏற்கெனவே ஸ்பிண்டிலில் கசிவு இருந்தும் எப்படியோ தள்ளிக்கொண்டிருந்த வண்டி, இந்த எட்டு சதவீதத்தில் படுத்துவிடுகிறது. வண்டிக்காரர் "பெட்ரோல்தான் கெட்டுப்போச்சு" என்கிறார். மெக்கானிக் "கார்புரேட்டர் போச்சு" என்கிறார். ரெண்டு பேர் சொல்வதிலும் கால்வாசி உண்மை.

இன்னொன்று, எத்தனால் தண்ணீரை இழுக்கும். நம்ம ஊர் காற்றில் ஈரத்துக்குக் குறைச்சலா? மாசக்கணக்கில் நிறுத்தி வைத்த வண்டியின் டேங்கில் தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து அடியில் பிரிந்து நிற்கும். எஞ்சின் முதலில் இழுப்பது அந்த அடித்தண்ணீரைத்தான். பழைய ரப்பர் ஹோஸும் பம்ப் டயஃப்ரமும் எத்தனாலில் ஊறி உப்பும், டேங்கில் காலம் காலமாகப் படிந்த துரு கழன்று ஜெட்டை அடைக்கும். இதற்கு வழி: எத்தனால் தாங்கும் ஹோஸ், ஒரு நல்ல ஃபில்டர், நிறுத்தும் முன் டேங்கைக் காலி பண்ணுவது, கசிவை எல்லாம் அடைத்த பிறகு மெயின் ஜெட்டை ஒரு சைஸ் கூட்டிப் பார்ப்பது. கசிவை அடைக்காமல் ஜெட்டைக் கூட்டினால் அதுவும் ஸ்க்ரூ திருப்புகிற கதைதான்.

"டேய், இதெல்லாம் தாத்தா காலத்து வண்டி. ஸ்கேனரை மாட்டினா அதுவே சொல்லும்" என்கிறான் என் ரூம் மேட். எங்கே, சொல்லட்டும் பார்ப்போம். புது வண்டியில் ஐடில் உதறினால் ஸ்கேனர் பி 0300 என்று காட்டும். அர்த்தம்: எங்கேயோ மிஸ் ஆகுது. பி 0171 என்று காட்டும். அர்த்தம்: கலவை மெலிந்திருக்குது. அதுதான் எங்களுக்குச் சைலன்சர் பக்கம் நின்றாலே தெரியுதே! ஏன் மெலிந்தது, இன்டேக் ஹோஸ் வெடித்ததா, பெட்ரோல் பம்ப் தளர்ந்ததா, ஏர்ஃப்ளோ சென்சார் அழுக்கா என்று தேடவேண்டியது மனுஷன்தான். கோடைப் பார்த்ததும் ஆக்சிஜன் சென்சாரை மாற்றுகிறவனுக்கும், உதறலைப் பார்த்ததும் ஸ்க்ரூவைத் திருப்புகிறவனுக்கும் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. முன்னவன் பில் மட்டும் பெரிசு.

இதைவிட வலுவான கேள்வி ஒன்று இருக்கிறது, அதைத் தட்டிக் கழிக்க முடியாது. நம்ம ஊர் சிலாநத்தம் சிப்காட்டில் வின்ஃபாஸ்ட் எலக்ட்ரிக் கார் ஃபாக்டரி 2025 ஆகஸ்ட் 4-இல் திறந்தாயிற்று. ஆரம்பத்தில் வருஷத்துக்கு 50,000 கார் தயாரிக்கும் அளவு. எலக்ட்ரிக் காருக்கு ஐடிலே கிடையாது! நின்றால் மோட்டாரும் நிற்கும். அப்புறம் எதுக்கு இந்தப் பாடம்? நானும் அந்த கேட்டுக்குள் வேலைக்குப் போக ஆசைப்படுகிறவன்தான். அதனாலேயே சொல்கிறேன். அந்தக் காரிலும் கனெக்டர் உண்டு, எர்த் உண்டு, சென்சார் வயர் உண்டு. அதன்மேல் வீசப்போவதும் இதே உப்புக்காற்றுதான். எர்த் ஸ்ட்ராப் பச்சைப் பூத்தால் பெட்ரோல் கார் உதறும், எலக்ட்ரிக் கார் எச்சரிக்கை லைட்டைப் போட்டுவிட்டு அசையாமல் நிற்கும். அங்கேயும் ஒருத்தன் மொத்த பாக்ஸையும் மாற்று என்பான். இன்னொருத்தன் எது சரியாக இருக்கிறது என்று ஒவ்வொன்றாக விலக்கிக்கொண்டே வந்து ஒரு நட்டை டைட் பண்ணுவான். அந்த இரண்டாவது ஆள் நம்ம காலேஜில் படித்தவனாக இருக்க வேண்டும் என்பது என் ஆசை. எலக்ட்ரிக் காரின் பேட்டரியில் கை வைத்துப் பழக முடியாது, உயிருக்கு ஆபத்து. பன்னிரண்டு வோல்ட் ஹெரால்டில் பழகலாம்.

ஆனால் நாம் எதில் பழகுகிறோம்? பாதியாக அறுத்துச் சிவப்பு, பச்சை, மஞ்சள் பெயிண்ட் அடித்த எஞ்சின் மாடலில்! அது ஐடிலில் உதறாது. அது ஐடிலே ஆகாது. "கார்புரேட்டர் கோளாறுகளும் தீர்வுகளும், அட்டவணையிடுக" என்று பத்து மார்க் கேள்வி வரும். மூன்று கட்டம் போட்டு மனப்பாடமாக எழுதிவிட்டு வருவோம். அட்டவணையில் ஒவ்வொரு கோளாறும் தனித்தனிக் கட்டத்தில் ஒழுங்காக உட்கார்ந்திருக்கும். அந்த ஹெரால்டில் எர்த், கேப், கண்டென்சர், ஸ்பிண்டில் நாலும் ஒன்றாகக் கைகோத்துக்கொண்டு வந்தன. ஒன்றைச் சரிசெய்து பாதி குணம் தெரிந்ததும் அதோடு நிறுத்தினால் வண்டி மறுபடி வரும். "பாதி சரியாச்சு, மீதி எங்கே?" என்று கேட்கிற பொறுமையை எந்த அட்டவணையும் தராது. இதில் ஆசிரியர்களைக் குற்றம் சொல்ல எனக்கு மனசில்லை. ஸ்டார்ட் ஆகாத எஞ்சினை வைத்துக்கொண்டு அவர்கள்தான் என்ன செய்வார்கள்?

எனவே மாணவர் மன்றத்துக்கு என் கோரிக்கை. டீ-ஷர்ட்டுக்கும் மைக் செட்டுக்கும் வசூல் பண்ணுவது போல இந்த வருஷம் ஒரு எஞ்சினுக்கு வசூல் பண்ணுவோம். ஹெரால்டுதான் வேண்டும் என்று அடம்பிடிக்கவில்லை, கார்புரேட்டர் போட்ட பழைய மாருதி 800 எஞ்சின் கியர் பாக்ஸோடு பழைய இரும்புக் கடையில் கிடைக்கும். மூணு சிலிண்டர், விளங்கிக்கொள்ள இன்னும் சுலபம். ஸ்மிதி ஷாப்புக்குப் பின்னால் தகரக் கொட்டகை சும்மா கிடக்கிறது. வெல்டிங்கில் கெட்டிக்காரர்கள் ரெண்டு இஞ்ச் ஆங்கிளில் ஸ்டாண்டு அடித்துத் தருவார்கள். ஒரு ரேடியேட்டர், ஒரு பன்னிரண்டு வோல்ட் பேட்டரி, ஐந்து லிட்டர் கேன் டேங்காக, ஒரு வேக்குவம் கேஜ், ஒரு ஃபீலர் கேஜ், ஒரு தீயணைப்பான். சைலன்சரை நீளக் குழாய் போட்டுக் கொட்டகைக்கு வெளியே விட வேண்டும்.

வாரம் ஒரு தடவை, மூன்றாம் ஆண்டுக்காரர்கள் யாருக்கும் தெரியாமல் அதில் ஒரு கோளாறைச் செய்து வைக்கட்டும். வேக்குவம் குழாயில் ஊசித் துளை, பாயிண்டுக்குள் ஒரு துண்டு தாள், எர்த்துக்கு அடியில் கொஞ்சம் பெயிண்ட். இரண்டாம் ஆண்டுக்காரர்கள் அரைமணி நேரத்தில் கண்டுபிடிக்க வேண்டும், எதை எந்த வரிசையில் பார்த்தார்கள் என்று நோட்டில் எழுத வேண்டும். புதுப் பார்ட் எதுவும் தரப்படாது. ஸ்க்ரூ டிரைவர் மட்டும் கொட்டகைச் சாவியோடு மேஜை டிராயருக்குள் இருக்கும், கடைசி ஐந்து நிமிஷத்தில்தான் வெளியே வரும். எங்கள் மேஸ்திரி மாதம் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் வந்து பார்க்கிறேன் என்று சொல்லியிருக்கிறார். காசு வேண்டாமாம், டீயும் வடையும் போதுமாம். ரேடியோ மட்டும் ஓடக்கூடாதாம்.